சட்டி எடையைக் கேட்காத ஏஐ-கிட்ட கலோரி கேட்கலாமா?

செந்தூல்_சட்டி:
வீட்டுச் சாப்பாட்டை ஏஐ மூலமா கலோரி செயலியில ஏத்துறது வெட்டி வேலைன்னு இங்க நிறைய பேர் சொல்றீங்க. கையால ஒரு குழம்பை ஏத்த கால் மணி நேரம் போகும். செயலியோட இணைச்ச ஏஐ-கிட்ட பொருளையும் அளவையும் சொன்னா போதும், தேடி, கூட்டி, செயலிக்குள்ள சொந்த உணவா சேமிச்சிடுது. ரெண்டு நிமிஷம். இதுல என்ன குறை கண்டீங்க?

ஜெலுத்தோங்_தராசு:
கூட்டல்ல குறை இல்லை அண்ணே, வகுத்தல்லதான். ஒரு சட்டி கோழிக் குழம்பைப் பாருங்க. எலும்பும் தோலும் இல்லாத தொடைக்கறி 1 கிலோ, 1200 கிலோகலோரி. எண்ணெய் 40 கிராம், 360. கெட்டித் தேங்காய்ப்பால் 200 கிராம், சுமார் 400. உருளைக்கிழங்கு 300 கிராம், 230. வெங்காயம் 200 கிராம், 80. மசாலாத்தூள் 40 கிராம், 130. மொத்தம் 2400. தண்ணி 500 கிராமும் சேர்த்தா அடுப்புல ஏறினது 2280 கிராம். வத்தி இறங்கினது 1900 கிராம்னு வைங்க.

ஏஐ பச்சை எடையால வகுத்து 100 கிராமுக்கு 105-னு எழுதும். சரியான கணக்கு 126. நீங்க தட்டுல போட்டு நிறுக்கிறது வத்தின குழம்பைத்தானே? 250 கிராமுக்கு 50 கிலோகலோரிக்கு மேல துண்டு விழும், அதுவும் தினமும்.

செந்தூல்_சட்டி:
அது ஏஐ குத்தமா? சமைச்ச எடையைச் சொல்லாதது நம்ம குத்தம். கையால ஏத்துறவனும் இதே இடத்துலதான் வழுக்குவான். காலிச் சட்டியோட எடையை ஐஸ்பெட்டிக் கதவுல எழுதி ஒட்டுங்க. இறக்கினதும் சட்டியோட நிறுத்துக் கழிச்சு, "சமைத்த எடை 1900, இதால வகு"ன்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சது. எலும்புக் கறின்னா மட்டும் எலும்பு எடையையும் கழிக்கணும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_லேபிள்:
ரெண்டு பேரும் சட்டியிலயே நிக்கிறீங்க. பாக்கெட் சாமான்லதான் பெரிய கூத்து. லேபிளைப் படம் பிடிச்சு அனுப்பினா 100 கிராம் கட்டம் ஒண்ணு, ஒரு பரிமாறலுக்கான கட்டம் ஒண்ணுன்னு ரெண்டு இருக்கும். ஒண்ணுலேர்ந்து புரதம், இன்னொண்ணுலேர்ந்து கொழுப்புன்னு எடுத்துடும். கிலோஜூலை கிலோகலோரியா எழுதினா இன்னும் மோசம், 372 இருக்க வேண்டிய இடத்துல 1556 நிக்கும்.

இதைவிடச் சத்தமில்லாத தப்பு மாவுச்சத்து. மலேசிய லேபிள்ல வர்ற மாவுச்சத்து, நார்ச்சத்தைக் கழிச்ச கணக்கு. அமெரிக்கச் செயலி கேக்குறது நாரையும் சேர்த்த மொத்தம். ஓட்ஸ் லேபிள்ல மாவுச்சத்து 58, நார் 10-னு இருந்தா செயலியில மொத்தம் 68-னு போடணும். 58-ஐ அப்படியே போட்டா, நிகர மாவுச்சத்து காட்டுற செயலி திரும்பவும் நாரைக் கழிச்சு 48 காட்டும். சர்க்கரை நோய்க்காக மாவுச்சத்து எண்றவங்க கவனிங்க, இது சின்ன விஷயம் இல்ல.

சேமிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை: புரதம் 4, லேபிள் மாவுச்சத்து 4, கொழுப்பு 9, நார் 2-ஆல பெருக்கிக் கூட்டுங்க. அதே ஓட்ஸ்ல புரதம் 12, கொழுப்பு 8-ன்னா 48, 232, 72, 20. மொத்தம் 372. லேபிள்லயும் 372-ன்னா சரி. பத்து, இருபது வித்தியாசம் பரவாயில்ல, நூறு வந்தா கட்டம் மாறிடுச்சு.

செந்தூல்_சட்டி:
அந்தச் சோதனையையும் ஏஐ-யே போட்டுக் காட்டும் லா. கேட்டாப் போதும்.

ஜெலுத்தோங்_தராசு:
காட்டும். ஆனா லேபிள்ல இல்லாத இரும்புச்சத்து, பொட்டாசியம் கட்டத்துல கேட்காமலே 0 எழுதிடும். 0-ன்னா இல்லைன்னு அர்த்தம், காலின்னா தெரியாதுன்னு அர்த்தம். கையால அடிக்கிறவனுக்குக் காலிக் கட்டம் கண்ணுல படும். 0 போட்டு நிரப்பினா எல்லாம் முழுசா இருக்கிற மாதிரி தோணும். "லேபிளில் இல்லாததைக் காலியாக விடு, ஊகிக்காதே, முதலில் அட்டவணையைக் காட்டு, நான் சரி சொன்ன பிறகு சேமி"ன்னு முதல்லயே எழுதி வைக்கணும். இணைப்பு நடுவுல அறுந்தா ஒரே உணவை ரெண்டு தடவை ஏத்தும், பேரைத் தேடிப் பார்த்துட்டு ஏத்தச் சொல்லுங்க.

பட்டர்வொர்த்_பொட்டலம்:
சரி, சோத்து மேல பல குழம்பு ஊத்தித் தர்ற நாசி கண்டாருக்கு என்ன வழி? மாமாக் (தமிழ் முஸ்லிம்) சாப்பாட்டுக் கடைக்காரர்கிட்ட சட்டி எடை கேக்கவா முடியும்? ஆட்டு, கோழி, மீன் குழம்பு மூணையும் ஒண்ணு மேல ஒண்ணு ஊத்துவார். அங்க ஏஐ-யோட மதிப்பீடுதான் கதி. எதுவும் எழுதாம விடுறதுக்கு அது மேல்.

ஜெலுத்தோங்_தராசு:
படத்தைப் பார்த்துச் சொல்றதா? சோத்துக்கு அடியில இறங்கின எண்ணெய் படத்துல தெரியாது. டேப்பாவ் (பொட்டலம்) பண்ணுங்க, சோறு, கோழி, குழம்பு தனித்தனியா கேளுங்க. வெள்ளைச் சோறு 100 கிராமுக்கு சுமார் 130, அதுல சண்டை இல்ல. குழம்பைக் கண்ணாடி டம்ளர்ல ஊத்திப் பத்து நிமிஷம் வைங்க, மேல மிதக்குற எண்ணெயைக் கரண்டியால எடுத்து அளங்க. ஒரு மேசைக்கரண்டி சுமார் 120. குழம்போட கலந்து நிக்கிறது இதுல வராது, அதனால இது குறைஞ்சபட்சக் கணக்கு.

பட்டர்வொர்த்_பொட்டலம்:
சாப்பாடு ஆறிடும், தம்பி. சுமார் கணக்குன்னு பேர்லயே எழுதி வச்சுட்டுச் சாப்பிடுறேன்.

செந்தூல்_சட்டி:
பேர் விஷயத்துல நானும் அவர் பக்கம். "கோழிக் குழம்பு, வீடு, சமைத்த எடை"ன்னு வச்சா குழப்பம் வராது. அடுத்த தடவை அளவு மாறினா பழசைத் திருத்தாம நகலெடுங்க. சில செயலியில திருத்தினா போன மாசப் பதிவும் சேர்ந்து மாறும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_லேபிள்:
தோசையை எப்படி ஏத்துறது? சுட்டதும் ஒவ்வொண்ணும் ஒரு எடை.

ஜெலுத்தோங்_தராசு:
சுட்டதை நிறுக்காதீங்க. மாவுப் பாத்திரத்தைத் தராசுல வச்சு ஜீரோ அழுத்துங்க. ஒரு கரண்டி எடுத்தா மைனஸ் 70 காட்டும், அந்த 70 கிராம்தான் உங்க தோசை. எண்ணெய்ப் போத்தலுக்கும் இதே வழி.

செந்தூல்_சட்டி:
இந்த மைனஸ் 70-ஐ வாயால சொல்லி ஏத்த ஏஐ வேணும்ல? கையில மாவு.