மறுமொழி: டிரெஸ்ஸிங்குக்குத் தமிழ் – கட்டு வேறு, காப்பு வேறு

அவையோருக்கு வணக்கம்.

புண்ணுக்குப் போடும் டிரெஸ்ஸிங்குக்குத் தமிழ்ச்சொல் எது என்று கேட்டு இழையைத் தொடங்கிய அண்ணாச்சிக்கும், உடம்பின் மேலே போடும் புறமருந்துகள் பற்றி விரிவாக எழுதிய சித்த மருத்துவர் அக்காவுக்கும் நன்றி. எல்லா மடலையும் வாசித்துக்கொண்டு பேசாமல்தான் இருந்தேன். நேற்று வந்த ஒரு வரி எழுத வைத்துவிட்டது.

> ஊரே 'கட்டு' என்கிறது. இருக்கிற சொல்லை விட்டுப் புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்வி. திருநெல்வேலிச் சீமையில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியராக வேலை பார்த்து வருபவள் நான். பாதி வேலைநாள் கட்டுப் போடும் அறையில்தான் கழிகிறது. நானும் 'கட்டு' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தச் சொல்லால் ஒருவர் புண் கெட்டுப்போகும் வரை.

திசையன்விளைப் பக்கத்துப் பனையேறி அண்ணாச்சி அவர். பதநீர் இறக்கும் காலம். கருக்குமட்டை உரசி, முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து போயிருந்தது. உப்புநீரால் கழுவி, புண்மேல் பாரஃபின் காஸ் (மெழுகு தடவிய வலைத்துணி) விரித்து, அதன்மேல் பஞ்சு வைத்த காஸ் அடுக்கி, மேலே துணிச்சுருளால் சுற்றி அனுப்பினேன். ஐந்தாம் நாள் பார்த்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. நடுவில் செஞ்சதை, ஓரமெல்லாம் வெங்காயத்தோல் மாதிரி மெல்லிய இளஞ்சிவப்பில் புதுத்தோல் உள்நோக்கி நகர்ந்திருந்தது. "கட்டு நனைஞ்சா மட்டும் வேற மாத்திக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று நாள் கழித்து வந்தார். கையில் பேப்பரில் மடித்த பாரஃபின் காஸ். அதில் அந்தப் புதுத்தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. காலில் புள்ளி புள்ளியாக ரத்தம். "நீங்கதான சிஸ்டர் கட்ட மாத்தச் சொன்னிய. ஒட்டிக்கிட்டு வரவே இல்ல. நல்லாப் பிச்சு எடுத்துட்டேன்."

அவர்மேல் என்ன தப்பு? புண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பது, அதன்மேல் நீரை வாங்கிக்கொள்வது, இரண்டையும் நகராமல் பிடித்து வைப்பது என்று மூன்று பொருளை நான் ஒரே சொல்லில் சுருட்டிக் கொடுத்தேன். அவர் மூன்றையும் எடுத்தார். வெளியில் இருப்பது மட்டுந்தான் கட்டு. உள்ளே இருப்பதற்கு நம்மிடம் தனிச்சொல் புழக்கத்தில் இல்லை. இங்கே நாம் தேடுவது அந்தச் சொல்லைத்தான். பேண்டேஜுக்குக் 'கட்டு' அப்படியே இருக்கட்டும்.

இனி, வந்திருக்கும் சொற்களுக்கு வருகிறேன்.

'புண்ணுடை' வேண்டாம். டிரெஸ் என்பதை உடை என்று பெயர்த்ததைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. புண்ணுக்கு யாரும் உடை உடுத்திவிடுவதில்லை.

அக்கா சொன்ன 'சீலை' என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளில் கட்டு, பற்று, சீலை, களிம்பு, வர்த்தி என்று தனித்தனியாக எண்ணியிருக்கிறார்கள் என்பதை இந்தக் குழுவில் பலர் இப்போதுதான் கவனித்திருப்பீர்கள். நாம் ஒன்றாகக் குழப்பியதை அவர்கள் பிரித்தே வைத்திருந்தார்கள். மருந்தில் தோய்த்த துணிக்குச் சீலை மிகப் பொருத்தம். பாரஃபின் காஸை இன்றைக்கே 'மெழுகுச் சீலை' என்று சொல்லத் தொடங்கிவிடலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக அது ஆகாது. கூழாக இருப்பதும் கண்ணாடி போன்ற படலமாக இருப்பதும் சீலை இல்லையே. இன்னொன்று, நம் பக்கத்தில் சீலை என்றால் பெண்கள் கட்டும் சேலை. 'புண்ணுக்குச் சீலை வையுங்க' என்றால் பழஞ்சேலையைக் கிழித்து வைத்துவிடுவார்கள். ஏற்கெனவே அப்படித்தான் வைக்கிறார்கள்.

'பற்று' நல்ல பழைய சொல். வீக்கத்துக்குப் பத்துப் போடுவது எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் பற்று என்றால் பிடித்துக்கொள்வது. புண்ணைப் பிடித்துக்கொள்ளாமல் வலிக்காமல் எழுந்து வருவதுதான் நல்ல டிரெஸ்ஸிங். பெயரே எதிராகப் பேசக்கூடாது.

புறநானூற்றில் 'பஞ்சியும் களையாப் புண்ணர்' என்று வருவதை ஒருவர் எடுத்துக்காட்டியிருந்தார். போரில் பட்ட புண்ணிலிருந்து பஞ்சைக்கூட இன்னும் எடுக்காத, பாட்டில் வரும் பெண்ணின் அண்ணன்மார். களைதல் என்ற வினை அங்கே எவ்வளவு துல்லியமாக நிற்கிறது பாருங்கள். கட்டை அவிழ்க்கிறோம், பஞ்சைக் களைகிறோம். இரண்டும் வேறு வேறு செயல்.

என் பரிந்துரை: புண்காப்பு. அறைக்குள் பேசும்போது வெறும் 'காப்பு'.

கோயிலில் எண்ணெய்க்காப்பு, சந்தனக்காப்பு, வெண்ணெய்க்காப்பு என்கிறோம். திருமேனியைத் தொட்டு, இடைவெளி விடாமல் மேலே படிந்திருப்பது காப்பு. எந்தப் பொருளால் செய்தது என்பது முன்னால் வரும் சொல்லில் தெரிந்துவிடும். எண்ணெயும் காப்பாகும், அரைத்த சந்தனமும் காப்பாகும். நமக்கு வேண்டியது இதேதான். துணியோ கூழோ படலமோ எதுவானாலும் புண்ணைத் தொட்டு மூடிக் காப்பாற்றுவது. அம்மன் கோயில் கொடைவிழா நடக்கும் எந்த ஊரிலும் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

கொடைக்குக் 'காப்புக் கட்டுவார்களே', அப்போது காப்பும் கட்டும் ஒன்றாகிவிடாதா என்று கேட்கலாம். அந்தத் தொடரே நம் பக்கம் நிற்கிறது. காப்பு என்பது பொருள், கட்டுவது செயல். மொழி அங்கேயும் இரண்டைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

'காயக்காப்பு' என்று ஏன் சொல்லவில்லை என்றால், காயம் என்றதும் காய வேண்டும் என்றே காதில் விழுகிறது. புண்ணைக் காற்றாட விடு, பொருக்குத் தட்டினால் ஆறிவிடும் என்பது நம் வீடுகளில் வேரோடிய நம்பிக்கை. ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் 1962இல் இதைச் சோதித்துப் பார்த்தார். பன்றியின் தோலில் மேலோட்டமான புண்களை உண்டாக்கி, சிலவற்றை மென்படலத்தால் மூடினார், சிலவற்றைத் திறந்தே விட்டார். ஈரம் போகாமல் மூடிய புண்ணில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. திறந்த புண்ணிலோ, காய்ந்த பொருக்குக்கு அடியில் ஈரம் தேடிச் சுற்றி வளைத்துத்தான் தோல் வளர வேண்டியிருந்தது. இன்றைய காப்புகள் பெரும்பாலும் இந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்தவை. பெயரும் அதற்கு ஒத்துப்போக வேண்டும்.

சொற்புணர்ச்சி (சொற்கள் சேரும்போது எழுத்து மாறுவது) பற்றிக் கேட்ட தமிழாசிரியர் ஐயாவுக்கு: நன்னூல்படி மண்+குடம் மட்குடம் ஆவது போல இது புட்காப்பு ஆக வேண்டும் என்பது சரிதான். ஆனால் புள்+காப்பும் புட்காப்பு. பறவைக்குக் காவல் என்று பொருள் திரிந்துவிடும். கண்காட்சி, மண்பானை என்று இயல்பாக எழுதிப் பழகிவிட்டோம். புண்காப்பும் அப்படியே நிற்கட்டும்.

அடுத்தது வகைப்பெயர்கள். ஹைட்ரோகொல்லாய்டு என்ற ஒட்டுவில்லையை நீர்க்கூழ்மம் என்பது போலச் சிலர் பட்டியல் அனுப்பியிருந்தீர்கள். வேதியியல் பாடத்துக்கு அது சரி. கட்டுப் போடும் அறையில் அலமாரியைத் திறந்து நிற்கும் செவிலிப் பிள்ளைக்கு அது உதவாது. அவள் கண்முன்னே இருப்பது புண். எந்தப் பொருள் என்று அவள் கேட்பதில்லை, இந்தப் புண்ணுக்கு எது என்றுதான் கேட்கிறாள். அதனால் செய்யும் வேலையை வைத்துப் பெயரிடுவோம். புண்ணைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, ஈரம் எவ்வளவு? வறண்டு கிடந்தால் ஈரம் ஊட்ட வேண்டும். அளவாக இருந்தால் அது போகாமல் மூட வேண்டும். வழிந்தால் உறிஞ்ச வேண்டும். ஆகவே ஊட்டுகாப்பு, மூடுகாப்பு, உறிஞ்சுகாப்பு. மூன்றும் வினைத்தொகை, இடையில் 'க்' வராது.

ஊட்டுகாப்பு என்பது ஹைட்ரோஜெல். தன்னிடமுள்ள நீரைப் புண்ணுக்குக் கொடுக்கும் கூழ். மஞ்சளாய்க் காய்ந்து ஒட்டியிருக்கும் செத்த சதையை இளக்கிவிடும். ஏற்கெனவே நீர் வடியும் புண்ணில் இதை வைத்தால் சுற்றுத்தோல் வெளுத்து, ரொம்ப நேரம் தாமிரபரணியில் குளித்த விரல் மாதிரி ஊறிப்போகும்.

மூடுகாப்பில் இரண்டு. ஊசி குத்திய இடம், லேசான சிராய்ப்பு இவற்றுக்கு ஒளி ஊடுருவும் படலம். கொஞ்சம் நீர் கசியும், அழுக்கில்லாத புண்ணுக்கு ஹைட்ரோகொல்லாய்டு வில்லை. இதை மூன்று முதல் ஏழு நாள் வரை எடுக்காமல் விடலாம். எடுக்கும்போது மஞ்சளாகக் கொழகொழவென்று, ஒரு வாடையோடு வரும். முதன்முதலில் பார்க்கும் எல்லோரும் 'சலம் (சீழ்) வச்சிட்டு' என்று பதறுவார்கள். அது சலம் இல்லை, வில்லையே புண்ணீரோடு கலந்து கூழாகியிருப்பது. உப்புநீரால் கழுவினால் அடியில் சிவந்த சதை தெரியும். கழுவிய பிறகும் வாடை போகாமல் சுற்றிலும் சிவந்து, தொட்டால் சுட்டால், அது கிருமித்தொற்று. அந்தப் புண்ணுக்கு மூடுகாப்பு கூடவே கூடாது. தினமும் திறந்து பார்க்கிற மாதிரியான காப்புதான் வேண்டும், மருத்துவரும் பார்க்க வேண்டும்.

உறிஞ்சுகாப்பில் நுரைப்பஞ்சு உண்டு, ஆல்ஜினேட் உண்டு. ஆல்ஜினேட்டைக் கடற்பாசிக்காப்பு என்றே சொல்லலாம், ஏனென்றால் அது பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரக் கரையோரப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுத்து வருகிறார்களே, அவற்றில் பழுப்பு வகைப் பாசிகளில் ஆல்ஜினேட் உண்டு. வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கும் நார், புண்ணீர் பட்டதும் கூழாக மாறும். வறண்ட புண்ணில் வைத்தால் ஒட்டிக்கொண்டு வதைக்கும்.

வாழையிலையை ஒருவர் கேட்டிருந்தார். மும்பை மருத்துவர்கள் கிருமி நீக்கிய வாழையிலையைத் தீப்புண்ணுக்கு வைத்துப் பார்த்து 2003இல் ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள். ஒட்டாது, எடுக்கும்போது வலிக்காது. களக்காட்டு வாழைத்தோட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும். ஆனால் தோட்டத்தில் அறுத்த இலையை அப்படியே வைத்துவிடாதீர்கள். கிருமி நீக்கிய இலை என்பதுதான் அங்கே முக்கியம்.

ஈரம் என்ற இந்த விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது, சொல்லாமல் விட்டால் பாவம். சர்க்கரை நோயாளியின் குதிகாலில் ரத்த ஓட்டம் குறைந்து, கருப்பாக, காய்ந்து, அசையாமல் ஒட்டியிருக்கும் பொருக்கை இளக்கக்கூடாது. அதுவே அவர்களுக்குக் காப்பு. ஊட்டுகாப்பு வைத்தால் உலர்ந்திருந்தது அழுகலாகிவிடும். உள்ளங்கால் குழிப்புண்ணுக்கோ எந்தக் காப்பும் தனியாகப் பலன் தராது. அந்த இடத்தில் உடம்பின் பாரம் விழாமல் செய்ய வேண்டும். தொழுநோயாளிகளின் கால்புண்களை வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் மாவுக்கட்டுப் போட்டு ஆற்றியது இந்த வழியில்தான். அங்கே 'கட்டு' என்ற சொல் முழுத் தகுதியோடு நிற்கிறது.

என் பரிந்துரையின் மிச்சம்: புண்ணைத் தொடுவது உள்காப்பு, அதன்மேல் நீர் வாங்குவது மேல்காப்பு, வெளியே சுற்றுவது கட்டு. காப்பு வைக்கிறோம், காப்பைக் களைகிறோம். கட்டுக் கட்டுகிறோம், கட்டை அவிழ்க்கிறோம். நான் வீட்டுக்குக் கொடுத்துவிடும் சீட்டில் இப்போது இப்படித்தான் எழுதுகிறேன்: 'நனைந்தால் கட்டையும் மேல்காப்பையும் மாற்றவும். உள்காப்பைத் தொட வேண்டாம், வெள்ளிக்கிழமை நான் எடுக்கிறேன்.'

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வாய் சிறுத்து உள்ளே ஆழமாகப் போகும் புண்ணில் நாடா போல நுழைத்து வைக்கிறோமே, அதற்கு 'வர்த்தி' என்று அக்கா எழுதியிருந்தார். எங்கள் அறையில் எல்லோரும் 'திரி' என்கிறோம். சித்தத்தில் வர்த்தி என்றால் மருந்து தோய்த்ததுதானா, வெறும் துணித்திரிக்கும் அந்தப் பெயர் செல்லுமா? அதைத் தெரிந்துகொண்டால் பட்டியலில் அந்த வரியையும் நிரப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
வள்ளியூரிலிருந்து