நாளை வளைகாப்பு, ஃபிளாஷுக்கு ஆரஞ்சுத் தாள்

மஞ்சக்குப்பம் வீடு (குடும்பக் குழு)

தம்பி: நாளை மாலை வளைகாப்புக்காகக் கூடத்தில் ஒத்திகை பார்த்தேன். அம்மாவை உட்கார வைத்து எடுத்த படம் இது. முகம் நீலம் பாய்ந்து வெளுத்திருக்கிறது, பின்சுவர் ஆரஞ்சாக எரிகிறது. அக்கா, என்ன செய்வது?

சித்தி: கன்னத்துச் சந்தனம் சாம்பல் பூசியது போல இருக்கிறதே! பெண்ணை இப்படி எடுத்துவிடாதே அப்பா.

நான்: கூடத்தில் குண்டு பல்புகள்தானே? அவற்றின் வெளிச்சம் 2800 கெல்வின் அளவில் இருக்கும். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் குறைந்தால் ஆரஞ்சு, கூடினால் நீலம். ஃபிளாஷ் வெயிலின் நிறம், சுமார் 5500. கேமரா ஒரு நேரத்தில் ஒரு நிறத்தைத்தான் வெள்ளையாக எடுத்துக்கொள்ளும். முகத்துக்கு ஏற்ப வைத்தால் சுவர் எரியும், சுவருக்கு ஏற்ப வைத்தால் முகம் நீலமாகும்.

சித்தப்பா: கம்ப்யூட்டரில் பிறகு சரிசெய்யலாமே அம்மா?

நான்: முழுப் படத்தையும் மாற்றினால் ஒரு பக்கம் தேறும், மறுபக்கம் கெடும் சித்தப்பா. முகத்தை மட்டும் பிரித்துத் திருத்தலாம். ஆனால் தலைமுடி ஓரத்திலும் கண்ணாடி வளையலின் பளபளப்பிலும் இரண்டு நிறமும் கலந்து கிடக்கும், அங்கே பிரிக்கவே வராது. உறவினர் அத்தனை பேரும் வளையல் போடுவார்கள். தங்கையின் முகம் ஒவ்வொரு படத்திலும் தங்கையின் முகமாகவே இருக்க வேண்டும். எடுக்கும்போதே ஃபிளாஷை பல்பின் நிறத்துக்குக் கொண்டுவருவோம்.

தம்பி: எப்படி?

நான்: ஃபிளாஷின் முகப்பில் முழு ஆரஞ்சு ஜெல் தாள், அதாவது வெளிச்சத்தின் நிறத்தை மாற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், ஒட்ட வேண்டும். கடையில் சி.டி.ஓ. என்பார்கள். ஓரத்தில் வெள்ளை வெளிச்சம் கசியக் கூடாது. ஃபிளாஷ் 3000 கெல்வினை ஒட்டி வந்துவிடும். கேமரா எதை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்று சொல்லும் ஒயிட் பேலன்ஸை டங்ஸ்டனில், அதாவது குண்டு பல்புக்கான அமைப்பில், நிறுத்து, ஆட்டோ வேண்டாம். தாள் ஃபிளாஷ் வெளிச்சத்தில் ஏறக்குறைய பாதியை விழுங்கும், ஃபிளாஷின் அளவை நீயே வைக்கும் மேனுவலில் எடுத்தால் அதற்கேற்பக் கூட்டு. ஷட்டர் 1/60 நொடி போதும், அதைவிட வேகமாக வைத்தால் பல்பு வெளிச்சம் சரியாகப் பதியாது.

பெரியப்பா: மிட்டாய் சுற்றும் கண்ணாடித் தாள் ஆகாதா?

நான்: அதன் ஆரஞ்சு எந்த அளவு என்று யாருக்கும் தெரியாது பெரியப்பா. ஃபிளாஷ் சூட்டில் சுருங்கியும் போகும்.

நான்: தம்பி, கூடத்து டியூப்லைட்டை அணைத்துவிடு. அதில் பச்சை கலந்திருக்கும், ஆரஞ்சுத் தாள் அதற்குப் பொருந்தாது. பகல் வெளிச்சம் கலக்காதபடி இருட்டும்வரை ஜன்னல்களையும் சாத்தி வை. ஃபிளாஷை விட்டத்தை நோக்கித் திருப்பு, ஆனால் பக்கத்துப் பச்சைச் சுவரில் பட்டுத் திரும்ப விடாதே.

தங்கை: அக்கா, மறுநாள் விடியற்காலையில் சில்வர் பீச்சில் எங்கள் இருவரையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கேயும் இதே தாளா?

நான்: அங்கே அரைத் தாள், அதாவது பாதி அளவே ஆரஞ்சு ஏறிய தாள், போதும் கண்ணு. சூரியன் கடலிலிருந்து எழும், நீங்கள் அதற்கு முதுகு காட்டி நிற்பீர்கள். வெறும் ஃபிளாஷ் அடித்தால் முகத்தை வெட்டி ஒட்டியது போலத் தெரியும். அரைத் தாள் போட்டால் அந்த வெயிலே திரும்பி முகத்தில் விழுந்த மாதிரி இருக்கும். ஆனால் தம்பி, அங்கே ஒயிட் பேலன்ஸ் பகல் வெளிச்சத்திலேயே இருக்கட்டும். டங்ஸ்டனில் வைத்தால் வானத்தின் பொன்னிறம் போய்விடும்.

தம்பி: இரண்டு தாளும் இங்கே கிடைக்குமா?

நான்: தேடாதே, என் பையில் இருக்கின்றன. காலை பஸ்ஸில் புதுச்சேரியிலிருந்து கிளம்புகிறேன்.

சித்தி: பதினொரு மணிக்குள் வந்துவிடு. ஒருமுறை என்னையே உட்கார வைத்துப் பாருங்கள், சந்தனம் அரைத்து வைக்கிறேன்.