தாத்தா வீட்டு வாட்ஸ்அப் குழு: இன்ஜினியரிங் காலேஜ் சீட்டுக்கு முன்பணம்

அப்பா: பாப்பாவுக்கு இன்ஜினியரிங் கட்டாஃப் 200-க்கு 158 வருகிறது. ஒரு கல்லூரியிலிருந்து ஆள் பேசினார், கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் இருக்கிறதாம், நாளைக்குள் 10,000 கட்டினால் பிடித்து வைப்பாராம். தோட்டை அடகு வைத்துக் கட்டிவிடலாமா என்று பார்க்கிறேன்.

செல்வி அத்தை: தம்பி, ஒரு ரூபாய்கூடக் கட்டாதே!! அது கல்லூரியே நேரடியாகக் கொடுக்கிற மேனேஜ்மெண்ட் சீட். அதில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது, அரசுக் கவுன்சிலிங்கில் எடுத்த சீட்டுக்குத்தான் கொடுப்பார்கள். எங்கள் மதனுக்குப் போன வருஷம் டியூஷன் கட்டணத்தில் 25,000 கழித்தார்கள், நாலு வருஷமும் கழியும். அவன் பக்கத்து பெஞ்சுப் பையன் மேனேஜ்மெண்டில் வந்தவன், முழுசாகக் கட்டுகிறான்.

பெரியப்பா: அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போட முடியாதா? அதில் ஹாஸ்டல்வரை அரசே கட்டுகிறதே.

அப்பா: ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் அண்ணே. இங்கிலீஷ் வரட்டும் என்று ஆறும் ஏழும் மெட்ரிக்கில் போட்டேன், தறி நின்றதும் எட்டாவதுக்கு இங்கே அரசுப் பள்ளிக்கு மாற்றினேன். கடன் வாங்கிக் கட்டிய அந்த இரண்டு வருஷ ஃபீஸ்தான் இப்போது குறுக்கே நிற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் தருகிற புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அதனாலேயே போச்சு.

சித்தப்பா: நான் பி.ஏ. ஆயிற்றே, என்னால் பாப்பாவின் முதல் பட்டதாரி சான்றிதழ் கெட்டுவிடுமா?

பெரியப்பா: உன் அரியர் இரண்டும் முடிந்துவிட்டதா 😄

செல்வி அத்தை: சித்தப்பா கணக்கில் வரமாட்டார். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள், இவர்களில் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே இந்தச் சலுகையை வாங்கியிருந்தாலும் கிடைக்காது, பாப்பாதான் மூத்தவள், பிரச்சினை இல்லை.

அப்பா: தாத்தா பட்டதாரி இல்லை என்று காட்ட அவருக்கு டிசியே கிடையாதே அக்கா, பள்ளிக்கூடம் போனால்தானே.

செல்வி அத்தை: எங்களிடம் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டார்கள். நாளைக் காலையிலேயே இ-சேவைக்குப் போ, 60 ரூபாய். மனு விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) என்று ஒவ்வொரு மேசையாக நகரும், விட்டால் அங்கேயே தூங்கும், நேரில் போய்க் கேட்டுக்கொண்டே இரு.

பாப்பா: பஸ், பரீட்சைக் கட்டணமெல்லாம் அத்தை?

செல்வி அத்தை: அது நம் தலையில்தான்டா. மதனுக்குக் கல்விக் கடன் போட்டோம். முதலில் போன வங்கியில் நிலப்பத்திரம் கேட்டார்கள், 4 லட்சம்வரை அடமானம் கேட்கக் கூடாது என்று மாமா வாதாடினார், அசையவில்லை. அப்புறம் கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து வேறு கிளையில் வாங்கினோம். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கிற காலத்து வட்டிக்கு மானியம் உண்டு, வருமானச் சான்றிதழையும் சேர்த்தே போட்டுவிடு.

அப்பா: சரி அக்கா. தோடு வீட்டிலேயே இருக்கட்டும்.

(மறுநாள்)

பாப்பா: இ-சேவையில் மனுப் போட்டு ரசீது வாங்கிவிட்டோம் 📷 அத்தை, அந்த ஆள் திரும்பக் கூப்பிடுகிறார், இன்று 5,000 போதுமாம்.

செல்வி அத்தை: நம்பரை எனக்கு அனுப்பு.