மனச்சோர்வுல மறந்து போனது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

ஊசிநூல்
நான் பிளவுஸ் தைக்கிறவ. மதுரைப் பக்கம். மாத்திரை ஆரம்பிச்ச புதுசுல நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகல. கல்யாணப் பொண்ணு ஒருத்தி அளவு கொடுக்க வந்திருந்தா. ஷோல்டர் அளந்தேன், நோட்டுல எழுதக் குனிஞ்சேன், நம்பர் இல்ல. திரும்ப அளந்தேன். குனிஞ்சா மறுபடியும் இல்ல. "அக்கா, இப்பத்தானே எடுத்தீங்க"ன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. "இந்த டேப்பு சரியில்லம்மா"ன்னுட்டு உள்ள போயி, தண்ணி குடிச்சிட்டு, வேற டேப்பை எடுத்துட்டு வந்தேன். அழுகை வந்திருந்தாக்கூட வீட்டுல புரிஞ்சிருப்பாங்க. எனக்கு அழுகையே வரல. டேப்புலருந்து நோட்டு வரைக்கும் ஒரு நம்பரைக் கொண்டு போக முடியல, அவ்வளவுதான். இதைச் சொன்னா யாருக்கும் ஒரு வியாதியாவே தெரியல. உங்கள்ல யாருக்காச்சும் இப்படி ஆயிருக்கா?

சிங்காநல்லூரான்
எங்கப்பாவுக்குங்க. மில்லுல கணக்கு எழுதினவரு. அம்மா போனதுக்கப்புறம் பேச்சு குறைஞ்சுது, சாவி எங்கன்னு தெரியல, குளிச்சமான்னு தெரியல. மறதி நோய்னே முடிவு பண்ணி நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். 100ல இருந்து ஏழு ஏழாக் கழிச்சிட்டே வரச் சொன்னாரு. அப்பா 93ன்னாரு. அப்புறம் மேசையையே பாத்துட்டு, "தெரியலைங்க, விட்ருங்க"ன்னாரு. வாழ்க்கை முழுக்கக் கணக்குப் போட்ட மனுசன்.

எங்களை வெளிய கூப்பிட்டு டாக்டர் சொன்னதுதான் இன்னும் காதுல இருக்குது. அல்சைமர்காரங்க பெரும்பாலும் தப்பாவாவது ஏதோ ஒரு பதிலச் சொல்லிச் சமாளிப்பாங்களாம். மனச்சோர்வுல இருக்கறவங்க முயற்சி பண்றதுக்கு முன்னாடியே "தெரியல"ன்னுருவாங்க, மறக்குதேன்னு அவங்களே வருத்தமும் படுவாங்கன்னாரு. 1961லயே கைலோங்கற மனநல மருத்துவர் இதைப் போலி மறதி நோய்னு எழுதியிருக்காராம். மனநல டாக்டர்கிட்ட மாத்தி விட்டாரு. இப்ப பால் கணக்கு, கரண்ட் பில்லு எல்லாம் அப்பாதான். ஆனா வயசானவங்களுக்கு இப்படி வந்தா பின்னாடி நிஜமாவே மறதி நோயா மாறவும் வாய்ப்பு இருக்குதுன்னு, அப்பப்ப கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு.

தெருமுனை
எல்லாத்துக்கும் ஒரு பேரு வச்சிடறீங்க. என் வீட்டுக்காரி பால அடுப்புல வச்சுட்டு மறந்துடறா, அவளுக்கு என்ன டிப்ரஷனா? நாள் முழுக்க ஃபோன நோண்டினா யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?

சிங்காநல்லூரான்
@தெருமுனை எங்கப்பாகிட்ட இருந்தது பட்டன் ஃபோனுங்க. மனச்சோர்வு இருக்குதான்னு பாக்கற பி.எச்.க்யூ-9 கேள்வித்தாள்ல ஏழாவது கேள்வியே பேப்பர் படிக்கறப்ப, டிவி பாக்கறப்ப கவனம் நிக்குதாங்கறதுதான். நாங்களா ஒண்ணும் பேரு வைக்கல. உங்க வீட்டம்மாகிட்ட ஒருக்கா உக்காந்து பேசிப் பாருங்க.

காரைநகர்
எனக்கு நடந்தது வேற மாதிரி. கவுன்சிலிங்கில அந்த அக்கா, "கசூரினா பீச்சுக்குப் போன ஒரு நாளைச் சொல்லுங்கோ" எண்டு கேட்டவ. "ஞாயிற்றுக்கிழமைகளில போறனாங்கள், நல்லா இருக்கும்" எண்டன். "அப்பிடியில்லை, ஏதாவது ஒரு நாள்" எண்டு திரும்பவும் கேட்டா. எனக்கு வரேல்ல. சின்னனில இருந்து போன கடற்கரை. போனது தெரியும், ஆரோட எண்டும் தெரியும், ஆனா ஒரு நாளெண்டு பிரிச்சு எடுக்க ஏலாமக் கிடந்தது. வீட்டை வந்து அல்பத்தைப் பாத்தன். தண்ணிக்குள்ள நிண்டு சிரிச்சுக்கொண்டு நிக்கிறன். ஆரோ வேற பிள்ளை மாதிரி.

மனச்சோர்வில இது நல்லாத் தெரிஞ்ச விசயம் எண்டு அக்கா சொன்னவ. 1986ல வில்லியம்ஸ், பிராட்பென்ட் எண்ட ரெண்டு பேர் இதைப் பற்றி எழுதினவையாம். சந்தோசமான நாள்களைக் கேக்கேக்கதான் இன்னும் கஷ்டமாம்.

மருந்துக்கடைக்காரன்
எனக்கும் ஒரு தடவை வந்து போச்சு, அத விடுங்க. ஊசிநூல் மேடம், முதல்ல பி12, தைராய்டு ரெண்டும் பாருங்க. இது குறைஞ்சாலும் சோர்வு, மறதி ரெண்டும் வரும். என்ன மாத்திரைன்னு நீங்க சொல்லவே இல்ல. அமிட்ரிப்டிலின் மாதிரி பழைய மாத்திரைகள் சிலருக்கு ஞாபகத்தை மந்தமாக்கும், வயசானவங்களுக்கு அதிகமாவே. தூக்கத்துக்குன்னு க்ளோனாசெபாம் சேத்துக் குடுத்திருந்தாலும் அப்படித்தான். அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, சீட்டை எடுத்துட்டுப் போயி டாக்டர்கிட்டயே கேளுங்க. மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும். மனசு தெளிஞ்சாலும் கவனம் திரும்ப இன்னும் நாளாகலாம். நடுவுல "சரியாயிடுச்சு"ன்னு நிறுத்திட்டு, திரும்ப மோசமாகி என் கடைக்கு வர்றவங்க நிறைய பேர். ராத்திரி தூங்குங்க. காலையில நடங்க. வல்லாரை லேகியத்துல காசக் கொட்டாதீங்க (நானே விக்கிறேன், இருந்தாலும் சொல்றேன்). டாக்டர் கிடைக்காத நேரம்னா டெலிமானஸ்னு மனநல உதவிக்கான ஃபோன் நம்பர் 14416, அரசாங்கத்தோடது, இலவசம், தமிழ்லயே பேசலாம். அப்புறம் மீன் எண்ணெய் மாத்திரை பத்தி...

குரூப்2வாசி
அண்ணே, அவங்க கேட்டது இப்படி நடந்திருக்கான்னு மட்டும்தான் 🙂

நடந்திருக்குக்கா. படிச்ச பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிச்சிட்டு இருந்த காலம். அதக்கூட விடுங்க, ஓட்டல்ல ஒரு நாள். சர்வர் என்ன வேணும்னாரு. இட்லியா தோசையா, என்னால முடிவு பண்ண முடியல. கொழுப்பெடுத்து சொல்லாம இல்ல, நிஜமாவே முடியல. அவரு பக்கத்து டேபிளைப் பாத்துட்டு வந்தாரு, நான் இன்னும் யோசிச்சிட்டே இருந்தேன். பின்னாடி ரெண்டு பேரு இடத்துக்குக் காத்துட்டு நிக்கிறாங்க. "நீங்களே எதாச்சும் கொண்டாங்கண்ணே"ன்னேன். ஒரு மாதிரி பாத்தாரு.

ஊசிநூல்
@மருந்துக்கடைக்காரன் பி12, தைராய்டு பாத்தாச்சுண்ணே, ரெண்டும் நார்மல். தூக்க மாத்திரை இருக்கு, இந்தத் தடவை போறப்ப கேக்குறேன். @காரைநகர் நீங்க சொன்னதைப் படிச்சிட்டு என் கல்யாண நாளை யோசிச்சுப் பாத்தேன். சேலை கலர் மட்டும் வருது.

இப்பல்லாம் அளவை வாய்விட்டுச் சொல்றேன், கஸ்டமரே நோட்டுல எழுதிக்கிறாங்க. கடையில புது வழக்கம்னு நினைச்சுக்கிட்டாங்க போல.

@குரூப்2வாசி தம்பி, கடைசியில என்னதான் கொண்டு வந்தாரு?

குரூப்2வாசி
ரவா தோசை. அதுக்கு அரை மணி நேரம்.