அம்மா என்றதும் எந்த உருவம் கண்முன் வருகிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்கால் மாங்கொட்டை

பிறந்து வளர்ந்தது காரைக்கால். ஆனி பௌர்ணமிக்கு எங்கள் ஊரில் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா. பிச்சையேற்கும் கோலத்துச் சிவனான பிட்சாடனர் வீதிவலம் வரும்போது மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் ஜனங்கள் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் துண்டிலும் முந்தானையிலும் பிடிப்பார்கள். பிடித்த பழத்தைச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. கல்யாணத்துக்கு முன்பு எனக்கு அது வேடிக்கை. கல்யாணமாகி ஐந்தாவது வருஷம், அம்மா என்னையே முந்தானையை விரிக்கச் சொல்லிக் கூட்டத்தில் நிறுத்தினாள்.

ஒரு பழம் நெற்றியில் பட்டுத் தெறித்தது. மடியில் ஒன்றும் விழவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாள், பேர்கூடக் கேட்கவில்லை, தனக்குக் கிடைத்த இரண்டில் ஒன்றை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அதே வருஷம் கங்கைகொண்ட சோழபுரம் போனோம். தெற்குச் சுவர் மாடத்தில் ஆடவல்லான். காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு உருவம் தாளம் தட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டிய வயிறு, வற்றித் தொங்கும் மார்பு. "உங்க ஊர் அம்மையார்தாம்மா" என்றார் கூட வந்த மாமா, ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். எனக்குச் சுருக்கென்றது. ஊரில் நான் பார்த்து வளர்ந்தது பட்டுடுத்தி நகை பூட்டிய இளம் அம்மையாரை, புனிதவதியை. திருவிழாவில் அவருக்குக் கல்யாணமே நடக்கும்.

கதை எல்லோருக்கும் தெரியும். சிவன் அருளால் மனைவி கையில் வந்த மாங்கனியைக் கண்டு பயந்த கணவன் பரமதத்தன் கப்பலேறிப் போனான். பாண்டி நாட்டில் வேறு கல்யாணம் செய்து, பிறந்த பெண்ணுக்கு இவர் பெயரையே வைத்தான். தேடிக்கொண்டு போனபோது மனைவி, மகளோடு காலில் விழுந்தான். அவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று அம்மையார் உடம்பின் சதையை உதறிப் பேயுருவானார். தலையால் நடந்து கைலாயம் ஏறியபோது, யார் இது என்று உமை கேட்க, 'நம்மைப் பேணும் அம்மை' என்றார் சிவன்.

நாங்கள் பிள்ளை வரம் கேட்டு மடியேந்துவது, பிள்ளையே பெறாத ஒருத்தியிடம். இத்தனை வருஷம் அந்த ஊரில் இருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. அன்றைக்கு அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். துக்கம் இல்லை, ஒரு மாதிரி ஆசுவாசம்.

எனக்கு அப்புறம் பிள்ளை பிறந்ததா என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்வீர்கள். கோயிலோ, சர்ச்சோ, காலண்டரோ, சினிமாவோ, உங்களை நிற்க வைத்த அம்மா எது?

சிங்கை மருமகள்

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில்ல இருக்கிற பெரியாச்சி அம்மன்.

எனக்குச் சிசேரியன். முப்பது நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்துட்டு, மொதல் தடவையா பிள்ளையை வெளியே தூக்கிட்டு வந்தது அங்கதான். இங்க அது வழக்கம். முன்னாடி போய் நின்னா, மடியில ஒரு பொம்பளை மல்லாந்து கிடக்கிறா, வயிறு கிழிஞ்சு குடல் வெளிய. காலுக்கடியில ஒரு ஆம்பளை. ஒரு கையில மட்டும் குழந்தையை ஒசரத் தூக்கிப் பிடிச்சிருக்கா. அந்தக் குழந்தை தரையில பட்டா நாடே அழியும்னு கதையாம், அதான் கீழே விடல. கீழே கிடக்கிறது கொடுமைக்கார ராஜா, மடியில ராணி. ஆச்சி அவங்களுக்குப் பிரசவம் பார்க்க வந்த மருத்துவச்சி.

"பயப்படாம பிள்ளையைக் காட்டும்மா, பெத்தவளுக்கும் பிள்ளைக்கும் இவதான் காவல்"னாங்க அத்தை.

வீட்டுக்கு வந்த வாழ்த்து அட்டை எல்லாத்துலயும் ரோஸ் கலர்ல ஒரு அம்மா, தலை கலையாம, சிரிச்சுக்கிட்டு. அதையெல்லாம் பார்த்து நான்தான் என்னவோ தப்பாப் பெத்துட்டேன்னு நினைச்சுட்டிருந்தேன். ரத்தமும் ஆத்திரமுமா இந்த முகத்தைப் பார்த்ததும்தான், ஆமா, இப்படித்தான் இருந்துச்சுன்னு தோணுச்சு. தையல் போட்ட இடத்துல கை வச்சுக்கிட்டே கும்பிட்டேன்.

அச்சுமை

அப்பா சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் இருந்தார். தீபாவளி முடிந்தால் எங்கள் வீடு முழுக்கக் காலண்டர் சாமிகள், வெட்டி மிஞ்சிய தாள்கள். லட்சுமி, சரஸ்வதி, மீனாட்சி, மாதா, யாராக இருந்தாலும் ஒரே கன்னம், ஒரே ரோஸ் உதடு. அப்பா சொல்வார், மாரியம்மன் படத்தில் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள் என்று. நகைக்கடை மாட்டுகிற படம் சிரிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் காலண்டர் சாமிகளுக்கெல்லாம் மூலவர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976). நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிய கை அவருடையது. நாடகமேடையிலிருந்து காலண்டருக்கு, காலண்டரிலிருந்து பூஜை அறைக்கு. அதனால்தான் நம் வீட்டுச் சாமி எல்லாம் வெளிச்சத்தைப் பார்த்து நிற்கிற மாதிரியே இருக்கிறது. (நான் குறை சொல்லவில்லை. அந்தத் தாள்களில்தான் என் நோட்டுகளுக்கு அட்டை போட்டேன்.)

உங்கள் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973-இல் படம் வந்ததே. இளம் புனிதவதியாக லட்சுமி, பிறகு கே.பி. சுந்தராம்பாள். குரலுக்கு முன்னால் நான் யார், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் பேய் எங்கே? நீறு பூசிய ஒரு பாட்டி வந்தார். சோழர் காலத்துச் சிற்பிக்கு இருந்த துணிச்சல் கேமராவுக்கு இல்லை. சினிமாவில் அம்மா என்றால் ஒன்று தையல் மிஷின், இல்லாவிட்டால் இருமல்.

நாகை ரோஸ்

காரைக்கால் அக்கா, உங்க ஊரிலேருந்து கடலோரமாவே தெற்கே வந்தா எங்க வேளாங்கண்ணி. மாதாவுக்குப் புடவை கட்டி, கையில் குழந்தை இயேசு. நான் சின்ன வயசிலேருந்து பார்த்த அம்மா அவங்கதான், அழகான அம்மாதான்.

எனக்குப் பிள்ளை பிறந்து மூணு வாரம் பால் ஒழுங்கா சுரக்கலை. பூண்டு, சுறாப்புட்டு எல்லாம் ஆச்சு. பவுடர் பால் டப்பாவைப் பார்த்து வர்றவங்க எல்லாம் ஒரு பார்வை பார்ப்பாங்க. செப்டம்பர் 8 திருவிழா அப்ப பக்கத்தில். கொடியேத்தம் முடிஞ்சு நடைபயணம் வர்ற கூட்டம் ரோட்டில் போய்க்கிட்டிருக்கு. பாட்டி வாசல்ல உட்கார்ந்து, எங்களுக்கு ஆயிரம் தடவை சொன்ன கதையை எதிர்வீட்டுப் பொடிசுக்குச் சொல்லிட்டிருந்தாங்க. பால் கொண்டுபோன ஒரு பையன் குளத்தங்கரை மரத்தடியில் படுத்தான், குழந்தையோட ஒரு அம்மா வந்து, பிள்ளைக்குக் கொஞ்சம் பால் கொடுப்பான்னு கேட்டாங்க, கொடுத்தான்.

உள்ளே பிள்ளையை மடியில் வச்சுக்கிட்டு இருந்த நான் அப்படியே நிமிர்ந்தேன். மாதாவே பிள்ளைக்குப் பால் கேட்டு நின்னிருக்காங்க. கேட்டது ஊரான் வீட்டுப் பையன்கிட்ட. அந்தக் கதை எனக்குச் செபம் மாதிரி மனப்பாடம், ஆனா அன்னைக்குத்தான் காதில் விழுந்தது. எழுந்து போய் டப்பாவைத் திறந்து பாலைக் கலக்கினேன். சாமி அலமாரி எதிர்லயே.

ஏட்டுச்சுவடி

ஒரு மாற்றுக் கருத்து, கோபிக்க வேண்டாம். அம்மையார் தம் பாட்டின் முத்திரையில் தம்மைச் சொல்லிக்கொள்ளும் பெயர் 'காரைக்காற் பேய்'. திருவாலங்காட்டுப் பதிகத்தில் சுடுகாட்டில் தங்கி அலறும் பெண்பேயைக் 'கொங்கை திரங்கி' என்றுதான் தொடங்குகிறார். 'நம்மைப் பேணும் அம்மை' என்று சிவன் வாயால் சொல்லவைத்தது 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். அம்மையாருக்கும் அவருக்கும் இடையே சில நூற்றாண்டுகள். தாயாக வேண்டும் என்று அந்தப் பெண் எங்கும் கேட்கவில்லை. ஆடலைப் பார்க்க ஒரு இடம் கேட்டார். அவரையும் விடாமல் அம்மாவாக்கியது நாம்.

மலைக்கோட்டை மாப்பிள்ளை

ஆம்பளைங்க எழுதலாமா தெரியலை. எங்களுக்குத் தலைப்பிரசவம் 2020 ஊரடங்கில். மாமியார் கோயம்புத்தூர், இ-பாஸ் கிடைக்கவில்லை. பத்தியச் சமையல், பிள்ளையைக் குளிப்பாட்டுவது எல்லாம் வீடியோ காலில் அவர் சொல்ல நான் செய்தேன். சுடுதண்ணி பதம் பார்க்க முழங்கையை விட வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

கோயில் திறந்ததும் தாயுமானவருக்கு வாழைத்தாரோடு படியேறினேன். காவிரியில் வெள்ளம், தாய் வந்து சேர முடியவில்லை, மகளுக்கு வலி எடுத்துவிட்டது, சிவனே தாய் வேஷத்தில் வந்து பிரசவம் பார்த்தார். அந்தக் கதைக்கு இங்கே விழாவே உண்டு. ஆனால் சந்நிதியில் இருப்பது லிங்கம். பேரில்தான் தாய், உருவத்தில் இல்லை. கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஒரு சிவனைக் காலண்டரில் போட்டிருந்தால் வாங்கி மாட்டியிருப்பேன். அச்சுமை அண்ணன் அப்பாவிடம் கேட்டுச் சொல்லவும்.

காரைக்கால் மாங்கொட்டை

ஏட்டுச்சுவடி ஐயா சொன்னது குத்தியது. சரிதான், அவரை நானும்தான் அம்மாவாக்கி வைத்திருந்தேன். எனக்கு அப்போது ஒரு அம்மா தேவைப்பட்டது, அவ்வளவுதான். பேய் என்றே கூப்பிட்டுப் பார்க்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

ரோஸ், அடுத்த செப்டம்பரில் உங்கள் பாட்டியிடம் அந்தக் கதையைக் கேட்க வருகிறேன்.

இந்த ஆனியில் நான் கீழே நிற்கவில்லை. சித்தி வீட்டு மாடியில் ஒரு கூடைப் பழத்தோடு நின்றேன். முந்தானையை விரித்தபடி ஓரமாக ஒரு பெண் நின்றாள், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல். குறிபார்த்துத்தான் போட்டேன். போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியில் போய் விழுந்தது. அவர் அண்ணாந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழத்தைத் துடைத்து அவளிடம் கொடுத்தார்.