மேற்கு பார்த்த விறாந்தைக்கு வெளியே ரோலர் திரை போடலாமா? தெஹிவளை, வெள்ளவத்தை ஆக்கள் சொல்லுங்கோ

மேற்குவாசல்:
வணக்கம். எங்கள் வீடு தெஹிவளையில், காலி வீதிக்குக் கடல் பக்கம். முன் விறாந்தை நேர் மேற்கு. 14 அடி நீளம், 8 அடி உயரத் திறப்பு, நடுவில் ஒரு தூண். தூணுக்கு வெளியே கூரை 4 அடி நீண்டிருக்கிறது. அப்படி இருந்தும் பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு அங்கே இருக்க முடியவில்லை. வெயில் கதிரைகளைத் தாண்டிக் கண்ணாடிக் கதவு வரை வந்துவிடுகிறது. அம்மாவுக்குப் பின்னேரத் தேத்தண்ணியை அங்கே இருந்து குடித்தால்தான் குடித்த மாதிரி. இப்போது அறைக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு அடைபட்டுக் கிடக்கிறார்.

வெளிப்பக்கமாக இறக்கி ஏற்றும் ரோலர் திரை பற்றி விசாரித்தேன். பக்கக் காடிக்குள் ஓடும் ஜிப் வகை, இரு பக்கமும் கம்பி பிடித்த வகை, மோட்டார், கைப்பிடி என்று பல விதமாகச் சொல்கிறார்கள். போட்டவர்களும் வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு சொன்னால் நல்லது. சின்னக் காசு இல்லை.

கடற்காற்று:
வேண்டாம் தங்கச்சி. நீங்கள் கடல் பக்கம் இருக்கிறீர்கள். வெயில் வருகிற அதே மேற்கிலிருந்துதான் உங்களுக்குக் காற்றும் வருகிறது. கடற்காற்று முற்பகல் கடைசியில் தொடங்கி, பிற்பகலில்தான் நன்றாக வீசும். திரையை இறக்கிய உடனே அதற்கும் கதவைச் சாத்துகிறீர்கள்.

கொழும்பில் வெப்பமானி 31, 32 பாகையைத்தான் காட்டும். வடக்கே அதைவிட ஏறும். ஆனாலும் இங்கேதான் ஆளைப் புழுக்கி எடுக்கிறது, ஏனென்றால் ஈரப்பதன். வியர்வை காயக் காற்று வேண்டும். காற்றில்லாத நிழல் கொழும்பில் நிழலே இல்லை. வீதிக் கரை மரத்துக்குக் கீழே ஏன் சுகமாக இருக்கிறது என்று யோசியுங்கோ. அங்கே நிழலும் இருக்கிறது, நாலு பக்கமும் திறந்தும் இருக்கிறது.

பொருத்துனர்:
நான் இந்தத் திரைகள் பொருத்துகிற வேலை செய்கிறவன். அதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது.

கடற்காற்று அண்ணை சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிக்குக் கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு உச்சம் கொடுக்கிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் வருடாவருடம் சொல்லும். கொழும்புக்கு அது அந்த முதல் சில நாட்களில். மத்தியானத்தில் தலைக்கு நேர் மேலே நிற்கிற சூரியனைக் கூரையே மறைத்துவிடும். ஆனால் அதே நாளில் 4 மணிக்குச் சூரியன் தரையிலிருந்து சுமார் 34 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும், 5 மணிக்கு 19 பாகை. உங்கள் 4 அடிக் கூரை நீட்டம் 4 மணிக்கு மேலேயிருந்து இரண்டரை அடிக்குச் சற்றுக் கூடத்தான் நிழல் தரும். 5 மணிக்கு ஒன்றரை அடிகூட இல்லை. மிச்ச ஆறரை அடியாலும் வெயில் நேரே உள்ளே. கூரையை இன்னும் நீட்டினாலும் சரிவராது. சாய்ந்த வெயிலை நிற்பாட்ட நிமிர்ந்து நிற்கிற ஒரு மறைப்புத்தான் வேண்டும்.

அடுத்தது, உள்ளே போடும் திரைச்சீலையோடு இதை ஒப்பிட வேண்டாம். வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்து சீலையில் பட்டால் அந்தச் சூடு வீட்டுக்குள்தான் நிற்கும். வெளியே மறித்தால் சூடேறுவது வெளியே நிற்கும் துணி, அந்தச் சூட்டைக் காற்றே கொண்டுபோய்விடும். அம்மாவின் அறை ஏசிக்கும் இது உதவும்.

வேம்படி:
எங்கள் ஆக்கள் காலங்காலமாக விறாந்தையில் மூங்கில் தட்டி கட்டித்தானே இருந்தார்கள்? ஊரில் கிடுகு, இங்கே மூங்கில். கயிறை இழுத்தால் சுருளும், விட்டால் இறங்கும். ஈர்க்குகளுக்கு நடுவால் காற்றும் வரும். பழுதானால் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்று. பிளாஸ்டிக் துணிக்கு ஏன் இவ்வளவு காசு?

அதைவிட நல்லது கொடி. விறாந்தைக்கு முன்னால் கம்பி வலை அடித்து பாஷன் புரூட் ஏற்றுங்கள். இலை தண்ணீரை ஆவியாக விடும், அதனால் சூடு பிடிக்காது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொள்ளுப்பிட்டி பகதலை வீதி 33ஆம் ஒழுங்கையில் தனக்கென்று ஆக்கிய வீட்டைப் பாருங்கள். நெருக்கமான காணிக்குள் சின்னச் சின்ன முற்றங்கள் வைத்து மரத்தாலும் கூரையாலும்தான் வெளிச்சத்தையும் காற்றையும் கையாண்டார். மோட்டாரும் ரிமோட்டும் வைத்தா?

மேற்குவாசல்:
கொடி எனக்கும் விருப்பம்தான். ஆனால் எங்களுடையது 9 பேர்ச் சின்னக் காணி. விறாந்தைக்கும் மதிலுக்கும் நடுவில் கார் நிற்கிறது. மண் இருக்கும் இடம் ஒரு பூச்சட்டி அகலம். அதோடு கொடி தழைக்கும் வரை அம்மா எங்கே இருப்பது?

தட்டி முன்பு கட்டியிருந்தோம். தென்மேற்கு மழைச் சாரலில் நனைந்து கறுத்து, உளுத்து, மாவாகக் கொட்டியது. கூட்டிப் பெருக்குவதே வேலையாகிவிட்டது.

வேம்படி:
வார்னிஷ் அடிக்காத தட்டியாக இருந்திருக்கும். மழை மாதங்களில் கழற்றி உள்ளே வைக்கலாம். கொஞ்சம் கவனம் வேண்டும், அவ்வளவுதான். பாவித்து எறியும் பிளாஸ்டிக்கைவிட மண்ணோடு மண்ணாகப் போகிற சாமானுக்கு நான் எப்போதும் ஆதரவு. அதில் மாற்றமில்லை.

நாலாம்மாடி:
வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த தொடர்மாடி. பல்கனிக்கு ரோலர் திரை போட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்.

நல்லது: பிற்பகலில் தரை ஓடு சுடுவது நின்றது. முன்பு இரவு எட்டு மணிக்கும் வெறும் காலோடு நின்றால் சூடு தெரியும். இப்போது இல்லை.

கெட்டது: போட்டுத் தந்த கடைக்காரர் பக்கக் கம்பிக்கு மெல்லிய இரும்புக் கொக்கி பூட்டிவிட்டுப் போனார். மேலே முலாம் இருந்தது, உள்ளே சாதாரண இரும்பு. கடல் உப்பு அதை விட்டுவைக்குமா? தலைப்பக்கம் செம்மஞ்சளாக வழிந்து சுவரில் கோடு விழுந்தது, பிறகு ஒரு பெருங்காற்றில் கொக்கி முறிந்தது. அடிச்சட்டம் அங்கும் இங்கும் அடித்துப் பல்கனிக் கண்ணாடியில் மோதியது. நாலாம் மாடியிலிருந்து அந்தச் சட்டம் கீழே விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. கடைக்காரர் பிறகு போனை எடுக்கவே இல்லை.

தொடர்மாடிக்காரருக்கு இன்னொன்று. முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் வெளிமுகத்தில் எதையும் பூட்டாதீர்கள். நிறம்கூட அவர்கள் சொல்கிறபடிதான்.

கடற்காற்று:
பார்த்தீர்களா? இதைத்தான் சொல்ல வந்தேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம். மழையும் காற்றும் நேரே உங்கள் விறாந்தைக்கு. திரையை இறக்கவே முடியாத நாட்கள் எத்தனை வரும்? இறக்க முடியாத திரைக்கு ஏன் காசு?

பொருத்துனர்:
அண்ணை, அந்த நாட்களில் வானம் மூடிக் கிடக்கும். வெயில் இல்லாத நேரம் திரை எதற்கு? சுருட்டி மேலே வைப்பதுதான் முறை. உண்மையாகத் தேவைப்படுவது ஜனவரி கடைசி முதல் ஏப்ரல் முடியும் வரை, பிறகு ஆகஸ்ட், செப்டெம்பரில் வெளிக்கிற நாட்கள்.

ஆனால் நாலாம்மாடி அக்கா சொன்னதை நான் சின்ன விடயமாக எடுக்கவில்லை. எங்கள் தொழிலில் இதைச் சொல்லாமல் விற்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது கோபம். கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றரில் ஏறக்குறைய 17 கிலோ பாரத்துக்குச் சமனாகத் தள்ளும். உங்கள் 14 அடியையும் 8 அடி உயரத்தில் ஒரே திரையாகப் போட்டால் மொத்தம் 175 கிலோவுக்கு மேல். துளைத்துணியில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதை இரண்டு சின்னக் கொக்கி தாங்குமா? அதனால் நடுத்தூணில் பிரித்து 7 அடி, 7 அடி என்று இரண்டாகப் போடுங்கள். ஆணி சீமெந்துப் பூச்சில் அல்ல, கொங்கிறீற் வளையில் (பீம்) இறங்க வேண்டும். கொக்கி, கம்பி, திருகாணி எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 தரம் கடற்கரையில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். கடையில் கேட்டால் இரண்டையும் ஒன்று என்பார்கள், பில்லில் 316 என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

மேற்குவாசல்:
துணி? வெள்ளை போட்டால் குளிர்ச்சி என்று கணவர் சொல்கிறார்.

பொருத்துனர்:
வெள்ளை அதிகம் திருப்பி அனுப்பும், உண்மை. ஆனால் நேர் வெயில் படும்போது துணியே வெளிச்சமாகிக் கண்ணைக் கூசும், வெளியே ஒன்றும் தெரியாது. கடும் சாம்பல் அல்லது கறுப்பு என்றால் துணி சூடேறும், ஆனால் அது வெளியே நிற்பதால் பெரிய பாதிப்பில்லை. அம்மாவுக்கு ரோடு வடிவாகத் தெரியும்.

துளை அளவு 1, 3, 5, 10 வீதம் என்று வரும். 5 வீதம் என்றால் துணியின் பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு திறந்திருக்கிறது. உங்களுக்கு 10 வீதம் சொல்வேன். நேர் வெயிலில் பத்தில் ஒன்பது பங்கை மறித்தால் போதும், மிச்சம் காற்றுக்கு. பகலில் வெளியே இருந்து உள்ளே தெரியாது. இரவில் லைட்டைப் போட்டால் எல்லாம் தெரியும், அதை மறக்க வேண்டாம்.

கடற்காற்று:
பத்து வீதத் துளையால் காற்று வரும் என்று அந்தப் பிள்ளையை நம்ப வைக்காதீர்கள் தம்பி. நூலின் இடுக்கால் வருகிறது காற்றே அல்ல, மூச்சு. அதுவும் ஜிப் வகை என்றால் இரு பக்கமும் அடியும் இறுக்கம். கூரைக்குக் கீழே சூடு சேர்ந்து நிற்கும்.

இன்னொன்றையும் யாரும் கேட்கவில்லை. கூரை என்ன? அஸ்பெஸ்டஸ் அல்லது தகரம் என்றால் மத்தியானம் முழுக்க அது குடித்த வெயிலைப் பின்னேரம் தலையில் இறக்கும். முன்னால் எத்தனை திரை விட்டாலும் மேலிருந்து வருவது வரும். முதலில் அதற்குக் கீழே வெள்ளிப்படலமும் சீலிங்கும் அடியுங்கள். அதுதான் காசுக்குப் பலன்.

மேற்குவாசல்:
ஓடு, கீழே பலகைச் சீலிங். கையை வைத்துப் பார்த்தேன், சூடு பெரிதாக இல்லை.

பொருத்துனர்:
அப்படியென்றால் கூரை குற்றவாளி இல்லை. காற்று விடயத்தில் அண்ணை சொல்வதை ஏற்கிறேன், அதனால்தான் உங்களுக்கு ஜிப் வகை வேண்டாம் என்கிறேன். பூச்சி, நுளம்பு, சாரல் மறிக்க ஜிப் நல்லது. காற்றுக்கு ஆகாது. கம்பி வகையில் பக்கங்களில் ஒரு அங்குலம் இரண்டு அங்குலம் இடைவெளி இருக்கும். அடியில் ஒன்றரை அடி விட்டு நிறுத்துங்கள், மேலே துணி சுருளும் பெட்டிக்கும் வளைக்கும் நடுவிலும் ஒரு கையளவு இடம். கீழால் கடற்காற்று வந்து மேலால் சூடு போகும்.

நாலாம்மாடி:
ஒன்றரை அடி விட்டால் அதற்குள்ளால் வெயில் வராதா?

பொருத்துனர்:
வரும். 5 மணிக்குத் தரையில் நாலரை அடி தூரம் வரை போகும். கதிரையை ஐந்தடி உள்ளே தள்ளினால் காலில் படாது. அதற்குப் பிறகு இன்னும் சாயும்போது ஒரு அரை மணித்தியாலம் முழுதாக இறக்கலாம். இறக்கி ஏற்றுவதற்குத்தானே ரோலர்.

வடமேற்கு, தென்மேற்கு மூலைகளையும் பாருங்கள். ஜூனில் பின்னேரச் சூரியன் வடமேற்கில் நிற்கும், டிசம்பரில் தென்மேற்கில். விறாந்தையின் பக்கவாட்டுகள் திறந்திருந்தால் முன் திரையைச் சுற்றிக்கொண்டு வரும்.

மேற்குவாசல்:
ஒரு பக்கம் அறைச் சுவர். மற்றது, வடக்குப் பக்கம், திறந்தது.

வேம்படி:
அந்த வடக்குப் பக்கத்துக்காவது ஒரு பெரிய சாடியில் கொடி வையுங்கள். அந்த மூலைக்கு அது போதும். பத்துப் பேர் சேர்ந்து ஒரு செடிக்கு இடமில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

மேற்குவாசல்:
வைக்கிறேன் அக்கா. அது நல்ல யோசனை.

மோட்டார் பற்றி யாரும் சொல்லவில்லையே?

நாலாம்மாடி:
2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, மறந்துவிட்டதா? காற்று கிளம்புகிறது, திரை இறங்கி நிற்கிறது, கரண்ட் இல்லை. அந்த நிலைமை வேண்டாம். கைப்பிடி. மோட்டார்தான் வேண்டும் என்று கணவர் நின்றால், கையாலும் சுற்றக்கூடிய மோட்டாரா என்று கேட்டு, கடையிலேயே ஒருமுறை சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

அதோடு நனைந்த துணியைச் சுருட்டாதீர்கள். ஒரு இரவு ஈரத்தோடு சுருண்டிருந்தால் உள்மடிப்பில் கறுப்புப் புள்ளி போடும், பிறகு தேய்த்தாலும் போகாது. உப்புப் படியும், நல்ல தண்ணீரால் குழாயில் அடித்துக் கழுவிக் காயவிட்டுச் சுருட்ட வேண்டும்.

கடற்காற்று:
நான் இன்னும் மாறவில்லை. ஆனால் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். முன்பணம் கொடுக்க முதல் ஹார்ட்வெயார் கடையில் நாற்றுமேடைக்குக் கட்டுகிற நிழல்வலை 14 அடி வாங்கி, அதே இடத்தில், அடியில் ஒன்றரை அடி விட்டுக் கட்டிப் பாருங்கள். ஒரு கிழமை அம்மா அங்கே இருந்து பார்க்கட்டும். புழுங்குகிறது என்று அவர் சொன்னால் திரை வேண்டாம், சீலிங்கில் நல்ல ஃபேன் ஒன்று போதும். காசு கொடுக்கப் போவது நீங்கள், ஆனால் அங்கே இருக்கப் போவது அவர்.

பொருத்துனர்:
இதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். வலை பச்சையாக இல்லாமல் கறுப்பாக வாங்குங்கள், துணியின் தன்மைக்குக் கிட்ட இருக்கும்.

மேற்குவாசல்:
சரி அண்ணை, நாளைக்கே வலை வாங்குகிறேன். அம்மாவிடம் சொன்னேன். ரோடு தெரியுமா என்றுதான் முதலில் கேட்டார். தெரியாவிட்டால் 3 மணிக்கே கழற்றி வைக்கச் சொல்கிறார்.