மனச்சிதைவு என்றாலே ‘ரெண்டு ஆள்’ என்கிறார்கள், எப்படிச் சொல்வது?

வணக்கம். மதுரையில் எம்.எஸ்சி. உளவியல் படிக்கிறோம், எங்கள் மாணவர் மன்றத்தில் 14 பேர். அக்டோபர் 10, உலக மனநல நாளன்று பக்கத்துக் கிராமத்தில் ஸ்கிசோஃப்ரினியா, அதாவது தமிழில் மனச்சிதைவு எனப்படும் மனநோய் பற்றிப் பேசப் போகிறோம்.

அங்கேயே இரண்டு முறை பேசிப் பார்த்தாயிற்று. ‘மனச்சிதைவு’ என்றதும் ஒருவருக்குள் இரண்டு ஆள் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் சினிமா செய்த வேலை! ஆங்கிலப் பெயரைச் சொன்னோம், யார் வாயிலும் நுழையவில்லை. சரி, பெயரே வேண்டாம் என்று அறிகுறிகளை மட்டும் சொன்னோம்: இல்லாத குரல் காதில் கேட்பது, யாரோ கெடுதல் செய்கிறார்கள் என்ற அசையாத நம்பிக்கை, மாதக்கணக்கில் யாரோடும் சேராமல் ஒதுங்கிக் கிடப்பது. ‘இது பேய்தான், கோடாங்கிகிட்ட கூட்டிப் போங்க’ என்றார் ஒரு பாட்டி. ஜப்பானில் 2002இல் இந்த நோயின் பெயரையே மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

களத்தில் வேலை செய்பவர்கள் இதை எந்தத் தமிழ்ச் சொல்லால் புரியவைக்கிறீர்கள்?